அத்தியாயம் 5: இளநிலையில் கிடைத்த சலுகைகள்

எம்.இ. ஸ்ட்ரக்சுரல் முதல் செமஸ்டரில் உட்காரும் பலருக்கு இரண்டாவது வாரத்திலேயே வயிற்றைக் கலக்கத் தொடங்கிவிடும். பி.இ.யில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்தான். பீம், காலம், ஸ்லாப் எல்லாம் டிசைன் செய்து பார்த்தவர்தான். ஆனால் பேராசிரியர் பலகையில் எழுதுவதோ டென்சர், ஐகன் மதிப்பு, ஷேப் ஃபங்ஷன். நான்கு வருடம் படித்த சிவில் வேறு, இது வேறு என்று தோன்றிவிடுகிறது. அப்படித் தோன்றியதும் செய்யும் முதல் வேலை, சீனியரிடம் பழைய கேள்வித்தாள்களை வாங்கிப் பெரிய மார்க் கணக்குகளை மனப்பாடம் செய்வது. பாஸ் ஆகிவிடலாம். ஆனால் இரண்டு வருடம் கழித்து வேலைக்கான நேர்காணலில் அந்தக் கணக்குகளில் ஒன்றுகூடத் துணைக்கு வராது.

உண்மையில் இது வேறு சிவில் இல்லை. அதே பீம், அதே மண், அதே தண்ணீர். பி.இ.யில் அவற்றைக் கணக்கிட உங்களுக்குப் பல சலுகைகள் தந்திருந்தார்கள். பீம் வளையும்போது அதன் வெட்டுமுகம் தட்டையாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தகைவு கூடினால் திரிபும் அதே விகிதத்தில் கூடும். சுமை மெதுவாக ஏறும், ஏறிய பிறகு அசையாது. அடியில் இருக்கும் மண் எங்கும் ஒரே சீர். வாய்க்காலில் ஓடும் நீரின் அளவு நேரத்துக்கு நேரம் மாறாது. கான்கிரீட்டுக்குள் போன கம்பி துருப்பிடிக்காது. மேற்படிப்பின் ஒவ்வொரு பாடமும் இந்தச் சலுகைகளில் ஒன்றைப் பிடுங்கிக்கொள்கிறது. எலாஸ்டிசிட்டி முதலாவதை, பிளாஸ்டிசிட்டி இரண்டாவதை, டைனமிக்ஸ் மூன்றாவதை, மேல்நிலை மண்ணியல் நான்காவதை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம்.

ஆகவே முதல் யோசனை: ஒவ்வொரு பாடத்தின் நோட்டிலும் முதல் பக்கத்தில் இரண்டு கேள்விகளை எழுதி வையுங்கள். இந்தப் பாடம் எந்தச் சலுகையைப் பறிக்கிறது? அது போனதால் புதிதாகத் தெரியாதவை எத்தனை சேர்கின்றன? பாடத்திட்டத்தின் ஐந்து யூனிட் தலைப்புகளையும் இந்த இரண்டு கேள்விகளோடு படித்துப் பாருங்கள். பெரும்பாலான யூனிட்டுகள், சேர்ந்துவிட்ட தெரியாதவற்றைக் குறைப்பதற்கான வழிகளாகவே இருக்கும். பதில் எழுத முடியாத பாடம் இருந்தால், வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடமே போய்க் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எரிச்சல்படும் ஆசிரியர் அரிது.

எலாஸ்டிசிட்டி

சுமை தாங்கும் ஒரு பொருளுக்குள் ஏதோ ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 6 தகைவுகள், 6 திரிபுகள், 3 இடப்பெயர்ச்சிகள் தெரிய வேண்டும். மொத்தம் 15. நம் கையில் இருக்கும் சமன்பாடுகளும் 15தான்: சமநிலை 3, திரிபையும் இடப்பெயர்ச்சியையும் இணைப்பவை 6, ஹூக் விதி தருபவை 6. கணக்கு சரியாகிவிட்டது. பாடத்தின் பயமுறுத்தும் பகுதிகள் எல்லாம் இந்தப் பதினைந்தைக் கையாளும் அளவுக்குச் சுருக்கும் தந்திரங்கள். எய்ரி ஃபங்ஷன் அதில் ஒன்று. தளக் கணக்குகளில், சமநிலைச் சமன்பாடுகளைத் தானாகவே நிறைவேற்றிவிடும் ஒரே ஒரு ஃபங்ஷனை எடுத்துக்கொண்டால், தேட வேண்டியது அந்த ஒன்றை மட்டும்தான். அதை நமக்குத் தந்த எய்ரி ஒரு வானியலாளர் என்பதைப் பல பாடநூல்கள் சொல்வதில்லை.

திமொஷென்கோவும் குடியரும் எழுதிய நூலை எடுத்து, நுனியில் சுமை தாங்கும் கேன்டிலீவர் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கம் உழைத்த பிறகு வருவது, பி.இ.யில் படித்த அதே வளைவுத் தகைவு, அதே பரவளைய ஷியர். இதற்கா இவ்வளவு பாடு என்று கோபம் வரும். அங்கேயே நிறுத்திவிடாமல் அடுத்த கணக்கையும் போடுங்கள்: இரு முனையிலும் சும்மா தாங்கி, சீரான சுமை ஏற்கும் பீம். இப்போது வளைவுத் தகைவில் பழைய விடையோடு ஒரு சின்ன உறுப்பு கூடுதலாக ஒட்டிக்கொண்டு வரும். அது பீமின் நீளத்தைச் சார்ந்ததே அல்ல. பீம் நீளமாக இருந்தால் பழைய விடை பெரிதாகி இந்தச் சின்ன உறுப்பை விழுங்கிவிடும். பீம் குட்டையாக, ஆழமாக இருந்தால் விழுங்காது. ஐஎஸ் 456 இன் 29வது பிரிவு, சும்மா தாங்கிய பீமில் நீளம் ஆழத்தைப் போல 2 மடங்குக்குக் குறைந்தால், தொடர் பீமில் 2.5 மடங்குக்குக் குறைந்தால், அதை டீப் பீம் என்று தனியே பிரிக்கிறதே, ஏன் என்று உங்களுக்குப் புரிவது இந்த இடத்தில்தான். தட்டையான வெட்டுமுகம் என்ற சலுகை அங்கே செல்லாது.

இன்னொரு கணக்கையும் விட்டுவிடாதீர்கள். இழுக்கப்படும் அகலமான தகட்டில் ஒரு சின்ன வட்டத் துளை. துளையின் விளிம்பில் தகைவு, தூரத்தில் இருப்பதைப் போல 3 மடங்கு. 1898இல் கிர்ஷ் கண்ட விடை இது. துளை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அந்த 3 மாறுவதில்லை. ஏசி பைப் போக வேண்டும் என்று பீமில் துளை போடச் சொல்பவரிடம் நின்று பேசும் தைரியம் இந்தக் கணக்கைப் போட்டவருக்கு வரும்.

டைனமிக்ஸ்

இந்தப் பாடத்தில்தான் மாணவர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு கூட்டம் டிஃபரன்ஷியல் சமன்பாட்டை அழகாகத் தீர்த்துவிடும். அந்த விடை எந்தக் கட்டடத்தைப் பற்றியது என்று கேட்டால் விழிக்கும். இன்னொரு கூட்டம் கோட் புக்கில் இருக்கும் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விசையை எடுத்துவிடும்; அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்கள் குறைவு. பாடத்தின் சுவை அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது.

சலுகை என்ன? சுமை அசையாது என்பது. அது போனதும் கட்டடத்தின் நிறையும் ஒடுக்கமும் கணக்குக்குள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதற்கே உரிய ஓர் அலைவுநேரம் வந்து சேர்கிறது. இதைத் தொட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. 30 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் கட்டடம், நடுத்தர மண், இடம் சென்னை. அதை வெறும் பீமும் காலமும் கொண்ட சட்டகமாக நினைத்தால், ஐஎஸ் 1893 இன் 2016 பதிப்பு சொல்வது: உயரத்தை 0.75 அடுக்குக்கு ஏற்றி 0.075 ஆல் பெருக்குங்கள். விடை 0.96 விநாடி. அதே கட்டடத்தில் சட்டகங்களுக்கு இடையே செங்கல் சுவர் நிரம்பியிருக்கிறது, அடிப்பகுதியின் நீளம் 20 மீட்டர் என்றால் சூத்திரம் மாறும்: உயரத்தை 0.09 ஆல் பெருக்கி, 20இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். விடை 0.60 விநாடி.

அதனால் என்ன என்று கேட்கலாம். நடுத்தர மண்ணில் ஸ்பெக்ட்ரம் மதிப்பு 0.55 விநாடி வரை 2.5, அதற்கு மேல் 1.36ஐ அலைவுநேரத்தால் வகுத்தால் கிடைப்பது. 0.96 விநாடிக்கு 1.42. 0.60 விநாடிக்கு 2.25. ஆக, சுவரை மறந்த பொறியாளர் போடும் பக்கவாட்டு விசையைவிட, நினைவில் வைத்தவர் போடுவது ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம். சுவர் பாரம்தான், வலு இல்லை என்று பி.இ.யில் ஒதுக்கி வைத்தோம். நிலம் குலுங்கும்போது அந்தச் சுவர் கட்டடத்தை விறைப்பாக்கி, கூடுதல் விசையை வரவழைக்கிறது.

சரி, எல்லா மாடியிலும் சுவர் இருந்து, கார் நிறுத்தத்துக்காகத் தரைத்தளத்தில் மட்டும் சுவரே இல்லாமல் விட்டால்? 2001 ஜனவரி 26 அன்று பூஜில் நிலம் நடுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல இப்படிப்பட்டவை. மேலே விறைப்பு, கீழே தொய்வு. முழு அசைவும் தரைத்தளக் காலங்களில் போய்க் குவிந்தது. சென்னை, கோவை, மதுரை எங்கும் இன்று நீங்கள் பார்க்கும் அடுக்குமாடிகளின் தரைத்தளத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். சென்னை 2002 திருத்தத்தில்தான் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. அதற்கு முன் கட்டியவை எவ்வளவு என்று யோசித்தால், பழைய கட்டடங்களை வலுப்படுத்தும் ரெட்ரோஃபிட் பாடத்தை விருப்பப் பாடமாக எடுக்கத் தோன்றும்.

பக்கவாட்டு விசையின் கணக்கில் இன்னொரு எண்ணும் வரும்: ஆர். நில அதிர்வைத் தாங்கும் சிறப்புச் சட்டகத்துக்கு அது 5. நிலநடுக்கம் உண்மையில் தரக்கூடிய விசையில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் நாம் டிசைன் செய்கிறோம் என்பது அதன் பொருள். மிச்ச நாலு பங்கு? கட்டடம் ஒடியாமல் வளைந்து, கம்பி நீண்டு, அந்தச் சக்தியைச் செரித்துவிடும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை நிற்பது காலத்தில் கட்டும் ரிங்கில். ஐஎஸ் 13920 ரிங்கின் கொக்கி 135 பாகைக்கு உள்ளே மடங்கியிருக்க வேண்டும் என்கிறது. சைட்டில் போய்ப் பாருங்கள். 90 பாகையில் மடித்து, கம்பிக்கு வெளியே விட்டிருப்பார்கள். கம்பி கட்டுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆர் 5 என்று எழுதிய பொறியாளர் அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். என் பார்வையில், ஒருநாள் சைட்டில் நின்று ரிங் கட்டுவதைப் பார்க்காத மாணவர் டைனமிக்ஸ் பாடத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்.

மேலே உள்ளவை 2016 பதிப்பின் எண்கள். நில அதிர்வு விதிகள் திருத்தத்துக்கு உள்ளாகிக்கொண்டே இருப்பவை. நீங்கள் படிக்கும் செமஸ்டரில் எது நடப்பில் இருக்கிறது என்று பிஐஎஸ் தளத்தில் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அங்கே பதிவு செய்துகொண்டால் இந்திய விதிநூல்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கடையில் மங்கலான ஜெராக்ஸ் வாங்கிப் படிக்கும் காலம் போய்விட்டது. பாடத்துக்குச் சோப்ராவின் நூல் ஒன்று போதும். அலைவுகளை நேரில் உணர, கைபேசியில் இருக்கும் முடுக்கமானியைப் பதிவு செய்யும் இலவசச் செயலி ஒன்றை இறக்கி, ஜெனரேட்டர் ஓடும்போது பக்கத்துத் தளத்திலும், ஆட்கள் நடக்கும்போது நடைமேம்பாலத்திலும் வைத்துப் பாருங்கள்.

ஃபைனைட் எலிமென்ட்: ரன் கொடுப்பதற்கு முன்

1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய்த் தளத்தின் பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளம், கடலில் இறக்கிச் சோதிக்கும்போது மூழ்கிப்போனது. காரணம் தேடியவர்கள் வந்து நின்ற இடம் கணினி. உருளைகள் சந்திக்கும் மூலைச் சுவரில் ஷியர் தகைவை ஃபைனைட் எலிமென்ட் கணக்கு 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தது. அந்த இடத்தில் எலிமென்ட்டுகளின் வடிவமும் பிரிப்பும் சரியில்லை. சுவரும் போதிய கனத்தில் இல்லை, கம்பியும் போதிய நீளத்துக்கு ஊன்றப்படவில்லை. விபத்துக்குப் பிறகு கவனமாகத் திருப்பிப் போட்ட கணக்கு, அந்தச் சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று சொன்னது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில்.

இந்தப் பாடத்தில் மாணவர் செய்ய வேண்டியவை எல்லாம் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கின்றன. மென்பொருளை ஓட்டக் கற்றுக்கொள்வது பெரிய விஷயம் அல்ல; ஈடேப்ஸோ ஸ்டாட் ப்ரோவோ ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். அது தரும் விடையைச் சந்தேகிக்கக் கற்பதுதான் படிப்பு.

முதலில் மூன்று கம்பிகள் கொண்ட ஒரு டிரஸ்ஸை எக்செல்லில் நீங்களே தீருங்கள். ஸ்டிஃப்னஸ் மேட்ரிக்ஸை ஒவ்வொரு கம்பிக்கும் எழுதி, சேர்த்து, தாங்கிகளின் வரிசைகளை நீக்கி, தலைகீழ் எடுத்து, இடப்பெயர்ச்சியைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதையே பைத்தானில் எழுதுங்கள். நூறு வரிகூட வராது. இதைச் செய்த பிறகு, ஈடேப்ஸ் உள்ளே என்ன செய்கிறது என்பதில் மர்மம் எதுவும் மிஞ்சாது.

அடுத்து ஒரு கேன்டிலீவரை நான்கு முனை எலிமென்ட்டுகளால், உயரத்தில் ஒரே ஓர் அடுக்கு மட்டும் வைத்து, மாதிரியாக்குங்கள். நுனி எவ்வளவு தொங்கும் என்பது உங்களுக்கு மனப்பாடம்: பிஎல் க்யூப் பை த்ரீ ஈஐ. மென்பொருள் தரும் விடை அதைவிட மிகக் குறைவாக இருக்கும். பீம் தன் இயல்பைவிட விறைத்து நிற்கும். ஏனென்றால் நேர்கோட்டு விளிம்புகள் கொண்ட அந்த எலிமென்ட்டுக்கு வளையத் தெரியாது. வளைவதற்குப் பதில் ஷியரை எடுத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறது. இப்போது எலிமென்ட்டுகளை நீளத்திலும் உயரத்திலும் இரண்டு, நான்கு, எட்டு மடங்கு என்று கூட்டிக்கொண்டே போங்கள். விடை கைக்கணக்கை நோக்கி நகரும். அந்த நகர்வை ஒரு வரைபடமாகப் போட்டு நோட்டில் ஒட்டி வையுங்கள். ப்ராஜெக்ட் ரிவ்யூவில் மெஷ் கன்வர்ஜென்ஸ் பார்த்தீர்களா என்று யாராவது கேட்டால், கேள்வியின் அர்த்தம் புரிந்து பதில் சொல்லும் சிலரில் ஒருவராக இருப்பீர்கள்.

பிறகு எந்த மாதிரிக்கும் மூன்று சோதனைகள். தாங்கிகளில் வரும் எதிர்விசைகளின் கூட்டல், நீங்கள் போட்ட மொத்தச் சுமைக்குச் சமமா? வளைந்த உருவத்தை நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், காலம் பீமோடு ஒட்டியிருக்கிறதா, எங்காவது பிரிந்து தொங்குகிறதா? ஏதாவது ஒரு நடு பீமை எடுத்தால் டபிள்யூ எல் ஸ்கொயர் பை எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் மொமென்ட் வருகிறதா? எல்லாவற்றுக்கும் முன்பாக, ரன் பொத்தானை அழுத்துவதற்கு முன் விடை என்னவாக இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஒவ்வொரு முறையும் எழுதினால், செமஸ்டர் முடிவதற்குள் உங்கள் ஊகம் கூர்மையாகிவிடும். லைசென்ஸ் பிரச்சினை இருப்பவர்களுக்கு ஓப்பன்சீஸ் இலவசமாகக் கிடைக்கிறது. திரையில் படம் காட்டாது, அதுவே அதன் நன்மை. என்ன செய்கிறோம் என்று தெரிந்தால்தான் அதில் ஒரு வரிகூட எழுத முடியும்.

மண்ணும் நீரும், சுருக்கமாக

ஸ்ட்ரக்சுரல் மாணவர்கள் மண் பாடத்தை விருப்பப் பாடப் பட்டியலில் கடைசியில் வைப்பது தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. தவறான வழக்கம். கட்டடம் நிற்பது மண்ணில்தான். டெர்சாகி 1925இல் எழுதிய நூல் முதல் இன்றுவரை இத்துறையின் அச்சாணி ஒன்றே: மண்ணின் வலிமையைத் தீர்மானிப்பது மொத்த அழுத்தம் அல்ல, நுண்துளை நீரின் அழுத்தத்தைக் கழித்தது. இதை மறக்காதவருக்குப் பாதிப் பாடம் தெளிவு. நான்கு மீட்டர் களிமண் படுகையின் மேலும் கீழும் மணல் இருந்தால் நீர் வெளியேற வேண்டிய தூரம் 2 மீட்டர். கீழே பாறை இருந்தால் 4 மீட்டர். தூரம் இரட்டித்தால் அமர்வுக்கு ஆகும் நேரம் நான்கு மடங்கு. போர் லாக் ஒன்றை எங்காவது வாங்கி, இந்தக் கண்ணோடு படியுங்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு எண்ணிய அடிகள்தான் அந்த எஸ்பிடி எண்கள் என்பதும், அடித்த ஆளைப் பொறுத்து அவை மாறும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நீரியலில் போன சலுகை, நேற்று போல நாளை இருக்கும் என்பது. நூறு வருடத்தில் ஒருமுறை வரும் வெள்ளம் என்றால் நூறு வருடம் நிம்மதி என்று 2015 டிசம்பருக்கு முன் சென்னையில் பலர் நினைத்திருப்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது. ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்பு என்றால், 30 ஆண்டுக் காலத்தில் குறைந்தது ஒருமுறையாவது அது வரும் வாய்ப்பு 26 சதவீதம். மழைப்பொழிவே மாறிக்கொண்டிருக்கும்போது அந்த 1 சதவீதமும் நிலையாக இல்லை. ஹெக்-ராஸ் இலவச மென்பொருள். அடையாறோ வைகையோ உங்கள் ஊர் ஓடையோ, ஏதேனும் ஒன்றின் ஒரு கிலோமீட்டரை அதில் ஓட்டிப் பாருங்கள்.

கோட் புக்கை இரண்டாம் முறை படிப்பது

பி.இ.யில் ஐஎஸ் 456ஐத் தேவையான டேபிளைத் தேடும் புத்தகமாகவே பயன்படுத்தியிருப்பீர்கள். இப்போது அதை ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் படியுங்கள். நடுநிலை அச்சின் ஆழ வரம்பு எஃப்இ 500 கம்பிக்கு 0.46 என்று மனப்பாடம் செய்தீர்கள் அல்லவா? கான்கிரீட் நசுங்கும் திரிபு 0.0035. அப்போது கம்பியின் திரிபு குறைந்தது, 500இன் 0.87 பங்கை 2 லட்சத்தால் வகுத்து, 0.002ஐக் கூட்டினால் வருவது. இரண்டு திரிபுகளும் ஒரு நேர்கோட்டில் இருக்கின்றன. சின்ன முக்கோணக் கணக்கு. 0.456 வரும். அதே வழியில் 415 கம்பிக்கு 0.48. கான்கிரீட் நசுங்குவதற்கு முன்பே கம்பி இளகி நீள வேண்டும், அப்போதுதான் பீம் எச்சரிக்கை தந்து உடையும் என்ற எண்ணம் அந்த 0.46க்குள் ஒளிந்திருக்கிறது.

கம்பிக்கு மேல் விடும் கவர் அளவும் அப்படித்தான். லேசான சூழலில் 20 மில்லிமீட்டரில் தொடங்கி, மிகக் கொடிய சூழலில் 75 வரை ஏறுகிறது. ராமேஸ்வரம் பக்கம் போனால், 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் இன்னும் நின்றால் அதையும், 2025 ஏப்ரலில் அதன் அருகே திறந்த புதியதையும் ஒருசேரப் பாருங்கள். உப்புக் காற்றுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முகம் கொடுத்த இரும்பு எப்படி இருக்கும் என்பதற்கு வகுப்பறையில் பாடம் கிடையாது.

கணிதம் பற்றி ஒரு வரி. பயப்பட வேண்டியதில்லை, ஆனால் தனியாகவும் படிக்காதீர்கள். ஐகன் மதிப்பு என்றால் கட்டடத்தின் அலைவெண்ணும் காலத்தின் பக்லிங் சுமையும்தான் என்று தெரிந்துகொண்டு படித்தால், அந்த யூனிட் ஒரு மாலையில் முடியும். பின்தங்கியவர்களுக்கு என்பிடெல் வகுப்புகள் இருக்கின்றன. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டாமல், நிறுத்தி நிறுத்தி, பேனாவோடு பாருங்கள்.

ப்ராஜெக்ட்

நான்காவது செமஸ்டரில் பாதிப் பேர் செய்வது ஒரே ப்ராஜெக்ட்: சிமெண்டில் 10, 20, 30 சதவீதத்தை ஏதோ ஒரு சாம்பலால் மாற்றி, க்யூப் வார்த்து, 28 நாளில் உடைத்து, 20 சதவீதம்தான் உகந்தது என்று முடிப்பது. இதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. மூன்று க்யூப்களின் சராசரியை ஒரு முடிவாக எடுக்கும்போது, தனித்தனி க்யூப் அந்தச் சராசரியிலிருந்து 15 சதவீதம் வரை விலகலாம் என்று ஐஎஸ் 456 அனுமதிக்கிறது. விலகல் அவ்வளவு இருக்கக்கூடிய இடத்தில், 4 சதவீத வலிமை கூடியது என்று எழுதுவதில் பொருள் இல்லை. அந்தத் தலைப்பைத்தான் எடுப்பேன் என்றால், வலிமையை விடுங்கள். குளோரைடு ஊடுருவல், கம்பி துருப்பிடித்தல், சுருக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். க்யூப்களின் எண்ணிக்கையைக் கூட்டி, விலகலையும் அறிக்கையில் எழுதுங்கள். வைவாவுக்கு வரும் வெளித் தேர்வாளர் அதைத்தான் முதலில் கேட்பார்.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எவ்வளவு பெரிய ஆள் என்பதைவிட, அவரிடம் சென்ற வருடம் செய்த சீனியர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் தருகிறாரா, தீசிஸ் வரைவைப் படித்துத் திருப்பித் தருகிறாரா என்பவைதான் கேட்க வேண்டியவை. சென்னையில் இருப்பவர்கள் தரமணியில் உள்ள சிஎஸ்ஐஆர்-எஸ்இஆர்சிக்கும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். நிலநடுக்கத்தைப் போலக் குலுக்கும் மேசையும், மின்கோபுரங்களை முழு உயரத்தில் இழுத்துச் சோதிக்கும் நிலையமும் நம் மாநிலத்தில் அவர்களிடம் இருக்கின்றன.

லேப் உதவியாளரிடம் நட்பாக இருங்கள். பேராசிரியருக்குத் தெரியாத பல விஷயங்கள் அவருக்குத் தெரியும். டிசம்பரில் போய், "அண்ணா, லோடிங் ஃப்ரேம் எப்ப ஃப்ரீ?" என்று கேட்டுப் பாருங்கள். "பிப்ரவரி பூரா பிஎச்.டி. பசங்க புக் பண்ணிட்டாங்க தம்பி. மார்ச்ல ரெண்டு நாள் இருக்கு. வேணும்னா இப்பவே பேரைப் போட்டுட்டுப் போ" என்பார். அந்த இரண்டு நாளை விட்டவர்களுக்கு ஏப்ரலில் ரிவ்யூவில் காட்டப் படம் மட்டும்தான் இருக்கும்.

நாட்கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். 90 நாள் முடிவு வேண்டுமென்றால், ஜனவரி நடுவில் வார்த்த கான்கிரீட் ஏப்ரல் நடுவில்தான் சோதனைக்குத் தயாராகும். தீசிஸ் எழுதவும் கைடு படிக்கவும் அதற்குப் பிறகு நாள் இருக்காது. எனவே வார்ப்பு வேலையை டிசம்பருக்குள் முடிக்கும்படி, சாம்பலையும் ஜல்லியையும் எம்-சாண்டையும் மூன்றாவது செமஸ்டரிலேயே வாங்கி, அவற்றின் சோதனைகளை முடித்து, வார்ப்புத் தேதியைக் கைடிடம் சொல்லி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.